படம் போனாலும் சத்தம் போகக்கூடாது

கச்சேரி முடிந்த மறுவாரம் இரண்டு விமர்சனங்கள் வந்தன. இரண்டும் பாடகியின் கரகரப்பிரியா ஆலாபனையைப் புகழ்ந்தன. ஒன்று, வயலின்காரரின் பதில்களில் அவசரம் தெரிந்தது என்றது. மற்றது, பாடகி தொடக்க வர்ணத்தில் சுருதியோடு சேர நேரமெடுத்தார், குரல் சற்று நடுங்கியது என்று எழுதியது. இரண்டையும் எழுதியவர்கள் மண்டபத்துக்கு வரவில்லை. ஒருவர் லண்டனில் இருந்தும் மற்றவர் ரொறன்ரோவில் இருந்தும் நேரலையில் கேட்டு எழுதினார்கள்.

அதில் தவறேதும் இல்லை. ஆனால் அவர்கள் கேட்டது, மண்டபத்தில் இருந்த முந்நூறு பேர் கேட்ட கச்சேரி அல்ல. பாரிஸின் வடக்குப் புறநகர் ஒன்றின் நகரசபை மண்டபத்தில், கதிரைகள் அடுக்கிவைக்கும் பக்கத்து அறைக்குள் இருந்து நான்கு பேர் உருவாக்கி அனுப்பிய இன்னொரு கச்சேரியைத்தான் அவர்கள் கேட்டார்கள். அந்த நான்கு பேரில் நானும் ஒருவன். வர்ணத்தில் குரல் நடுங்கவில்லை. அந்த நடுக்கத்தை உண்டாக்கியவன் நான். அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, திருத்த வேண்டியது ஒரு வரி மட்டுமல்ல என்று தோன்றியது.

பாடகியின் பெயரையும் மண்டபத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

*

தூரத்தில் இருந்து கச்சேரி கேட்கும் பழக்கம் நாங்கள் நினைப்பதைவிடப் பழையது. அதன் ஆரம்பகாலக் கதைகளில் ஒன்று இந்த நகரத்தில்தான் நடந்தது. 1881இல் பாரிஸில் நடந்த சர்வதேச மின்சாரக் கண்காட்சியில், கிளெமோன் அதேர் என்ற பொறியியலாளர் ஓபரா மேடையின் முன்விளிம்பில் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்தார். கண்காட்சி மண்டபத்தில் நின்றவர்கள் காதுக்கொன்றாக இரண்டு கேட்புக்குழல்களைப் பிடித்துக்கொண்டு தொலைபேசிக் கம்பி வழியே பாட்டைக் கேட்டார்கள். 1890இல் அது 'தேயாத்ரோஃபோன்' என்ற சந்தாச் சேவையாகி 1932 வரை நடந்தது. ஹோட்டல்களில் காசு போட்டு ஐந்து நிமிடம் கேட்கும் பெட்டிகளும் இருந்தன. எழுத்தாளர் மார்செல் ப்ரூஸ்ட் 1911இல் இதற்குச் சந்தா கட்டினார். நோயால் வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவர், படுக்கையில் இருந்தபடி தெபுஸ்ஸியின் ஓபராவைக் கேட்டார். ஒருமுறை இடைவேளைச் சலசலப்பையே இசையின் பகுதியென்று எண்ணிக் கேட்டுக்கொண்டிருந்ததை நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் தானே கேலிசெய்திருக்கிறார்.

ப்ரூஸ்டுக்கு நேர்ந்தது காதின் பிழையல்ல. ஒலிவாங்கி எங்கே இருக்கிறதோ அதற்குக் கேட்பதுதான் தூரத்தில் இருப்பவருக்குக் கச்சேரி. மேடையில் பாடுகிறவருக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் யாரோ ஒருவர் இருக்கிறார்.

எங்களுக்கு இந்த வழக்கம் வானொலியோடு வந்தது. 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னையில் வானொலிச் சங்கம் தொடங்கினார். 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும் அடுத்த ஆண்டு திருச்சி நிலையமும் வந்தன. கடலுக்கு இந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் திருச்சி நிலையத்தைக் கேட்டே சங்கீத ஞானம் வளர்த்த ஒரு தலைமுறை உண்டு. என் அம்மா அதில் ஒருத்தி. பாடுபவர், வயலின், மிருதங்கம் என்று அறிவிப்பாளர் வரிசையாகச் சொல்லும் பெயர்கள் அவருக்கு இன்றும் மனப்பாடம். ஒலிக்கட்டுப்பாட்டு அறையில் இருந்தவரின் பெயரை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

விமர்சனமும் அப்படியே வளர்ந்தது. 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி எழுதிய காலத்திலிருந்து சுப்புடு வரைக்கும் விமர்சகர் அரங்கில் உட்கார்ந்திருந்தார். மைக் சரியில்லை என்றால் அவருக்கே தெரியும். குறையை மைக்கின் மேல் போடலாம். லண்டனிலோ பாரிஸிலோ இருந்து கேட்கும் விமர்சகருக்கு அந்த வசதி இல்லை. பாடகியின் குறையும் கருவியின் குறையும் அவருக்கு ஒரே குழாய் வழியே கலந்து வருகின்றன. பிரித்தறியக் கற்காவிட்டால் அவர் பழி சொல்லும் இடம் தவறிவிடும். எங்கள் கச்சேரியில் நடந்தது அதுதான்.

*

இந்தப் பாடத்தை நாங்கள் 2020 மார்கழியிலேயே படித்திருக்க வேண்டும். 1928இல் நிறுவப்பட்ட சென்னை மியூசிக் அகாடமி அந்த ஆண்டு தன் விழாவை இணையத்தில் நடத்தியது. நகரத்துச் சபாக்கள் கூடி 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி' என்ற பெயரில் இன்னொரு இணைய விழாவை நடத்தின. பாரிஸில் டிசம்பர் 15ஆம் திகதியில் இருந்து இரவு எட்டு மணிக்கு மேல் ஊரடங்கு. சென்னையில் மாலை ஆறரை என்றால் எங்களுக்குப் பகல் இரண்டு மணி. வீட்டிலிருந்து வேலைசெய்த நாட்கள் அவை. ஒரு காதில் அலுவலகக் கூட்டம், மறு காதில் காம்போதி என்று அந்த மாதத்தைக் கழித்தேன். சென்னைக்கு ரிக்கெற் எடுத்துப் போய் டிசம்பர் சீசன் பார்க்கும் வசதி ஒருபோதும் இல்லாத லா சப்பல் கடைக்காரர்களும் சமையல்காரர்களும் அந்த ஆண்டு முதல்வரிசையில் இருந்தார்கள். அது சின்ன விஷயமல்ல.

ஆனால் அந்தப் பருவத்தில் பார்த்தவற்றுள் பல எனக்கு உறுத்தின. நிகழ்ச்சிகள் பலவும் முன்கூட்டியே ஒளிப்பதிவானவை. வெளிச்சம் அழகு, படம் துல்லியம். கமெரா மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆலாபனை மந்தர ஸ்தாயியில் நிலைகொள்ளும் நேரத்தில் அது பக்கவாட்டில் நழுவி, பூ அலங்காரத்தைச் சுற்றி, கூரைக்குப் போய் இறங்கியது. ஒரு ராகத்தை மெதுவாகக் கட்டியெழுப்பும் இசைக்கு முன்னால் ஓடித்திரியும் படம் அதன் காலப்பிரமாணத்தைக் குலைக்கிறது. கோர்வை முடிந்ததும் வெறும் மண்டபத்தின் மௌனம். வாசித்தவர் தலையை நிமிர்த்தி, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்ததை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கண்டேன்.

இதற்கு எதிர்ப்புறத்தில், பெருந்தொற்றுக்குப் பல ஆண்டுகள் முன்பே மயிலாப்பூரில் வேறு மாதிரியான நேரலைகள் நடந்துவந்தன. லலிதாராம் முன்னின்று நடத்தும் பரிவாதினி, ராக சுதா அரங்கில் இருந்து கச்சேரிகளை ஒளிபரப்பியது. ஆர்கே கன்வென்ஷன் சென்டரும் தன் சிறிய அரங்கிலிருந்து அப்படிச் செய்தது. அசையாத கமெரா, அலங்காரம் இல்லாத மேடை, முன்வரிசையில் யாரோ 'ஆஹா' என்பது மெல்லக் காதில் விழும் ஒலி. பெரிய சபாக்களின் மாலை நேரங்களில் அதிகம் இடம் கிடைக்காத நாகஸ்வரத்தையும் தவிலையும் பரிவாதினி முழுக் கச்சேரியாக இணையத்தில் கொண்டுவந்தது. இந்த ஒளிபரப்புகளில் படம் சுமாராக இருந்த நாட்கள் உண்டு. ஆனாலும் கச்சேரி கேட்ட நிறைவு எனக்கு அங்கேதான் கிடைத்தது. அங்கே பொத்தானை அழுத்தியவர்கள் சங்கீதம் கேட்பவர்கள் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

*

மேற்கில் இந்தத் தொழிலுக்கு ஒரு முறை இருக்கிறது. பெர்லின் பில்ஹார்மோனிக் 2008இல் தொடங்கிய டிஜிட்டல் கச்சேரி மண்டபத்தில், தூரத்திலிருந்து இயக்கும் கமெராக்கள் இசைக்குழுவைப் பின்தொடர்கின்றன. இப்படியான ஒளிபரப்புகளில் இயக்குநருக்குப் பக்கத்தில் இசைக்குறிப்பைப் படிப்பவர் ஒருவர் இருப்பார். இன்னும் நான்கு அளவில் ஓபோ வரும் என்று அவர் சொல்ல, கமெரா அதற்குமுன் ஓபோவிடம் போய் நிற்கும். நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் ஓபரா 2006 டிசம்பரில் இருந்து திரையரங்குகளுக்கு அனுப்பும் நேரலைகளில், இடைவேளையின்போது மேடைத் தொழிலாளர் அரங்கை மாற்றுவதையும் காட்டுகிறார்கள். ஒளிபரப்பை இயக்கியவரின் பெயர் நடத்துநரின் பெயரோடு திரையில் வருகிறது.

எங்கள் சங்கீதத்தில் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கச்சேரியின் பெரும்பகுதி மனோதர்மம். நிரவலை எந்த வரியில் எடுப்பார், கல்பனாஸ்வரம் எத்தனை சுற்று நீளும், வயலினுக்கு எங்கே விடுவார் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது. வயலின்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் அது அந்தக் கணத்தில்தான் தெரியும். பாடகரின் மூச்சையும் கையையும் முகத்தையும் பார்த்து அவர்கள் ஊகிக்கிறார்கள். கமெராவை மாற்றுபவரும் அதையே செய்ய வேண்டியிருக்கிறது. ஒலியைக் கலப்பவரும் அப்படித்தான். பாடகி உச்ச ஸ்தாயிக்குப் போகப்போகிறார் என்று முன்னரே உணர்ந்து அவர் கை இறங்க வேண்டும். குரல் தேய்ந்து மந்தரத்துக்குப் போகும்போது, இயந்திரம் தானாகச் சத்தத்தைக் கூட்டி மண்டபத்து இருமலையெல்லாம் அள்ளி வராமல் விரலால் பிடிக்க வேண்டும்.

ஆகவே இவர்களைப் பக்கவாத்தியக்காரர்கள் என்றே நான் சொல்வேன். உயர்த்திப் பேசுவதற்காகச் சொல்லவில்லை. பக்கவாத்தியத்தை எந்த அளவுகோலால் அளக்கிறோமோ அதையே இவர்களுக்கும் வைக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். நல்ல பக்கவாத்தியம் அனுசரித்துப் போகும், தெரிந்ததையெல்லாம் காட்டாது, மௌனமாக இருக்க வேண்டிய இடத்தை அறியும். பூ அலங்காரத்தைச் சுற்றிய அந்தக் கமெராவின் குற்றமும் அதுதான்: கீர்த்தனையின் நடுவில் தனி வாசித்தது.

*

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஒலிக்கு ஒரு தம்பி. முப்பது வயது. வன்னியில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் கடையில் பதினாறு வயதில் இருந்து நின்றவன். இங்கே கார் து நோர் பக்கத்தில் ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவுகிறான். கமெராவுக்கு ஓர் அண்ணை. இருபது வருடமாகக் கலியாண வீடும் சாமத்திய வீடும் எடுப்பவர். பாடகியிடம் முன்பு பயிலரங்கு ஒன்றில் படித்த பதினேழு வயதுப் பிள்ளை ஒருத்தி உதவிக்கு. நான் கணினிக்கு. வெளிநாட்டில் முதுகலை படித்து, வங்கிகளுக்குத் தகவல்தொழில்நுட்ப ஆலோசனை சொல்பவன். எனவே குழுவின் தலைவன் நானே என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

மண்டபத்தின் காற்றோட்ட இயந்திரம் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. நான் கெட்டிக்காரத்தனமாக, ஒளிபரப்பு மென்பொருளில் இரைச்சலை நீக்கும் வடிகட்டியைப் போட்டேன். உறுமல் சட்டென்று நின்றது. எனக்குப் பெருமை. வர்ணம் தொடங்கி ஐந்து நிமிடம் போயிருக்கும், தம்பி மேடைப்பக்கத்தில் இருந்து ஓடிவந்து என் ஹெட்போனை வாங்கிக் கேட்டான்.

"அண்ணை, தம்பூரா எங்கை?"

"மேடையிலை இருக்கு."

"மேடையிலை இருக்கு. இதுக்குள்ளை இல்லை."

அந்த வகை வடிகட்டிகள் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மாறாமல் ஒலித்துக்கொண்டிருப்பது எதுவோ அதை இரைச்சல் என்று முடிவுசெய்து வெட்டிவிடும். மின்விசிறியும் தம்பூராவும் அதற்கு ஒன்றுதான். ஊரடங்கு நாட்களில் ஸூமில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் இது தெரியும். 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பைத் தேடிப் போடாவிட்டால் சுருதிப்பெட்டி மறுமுனைக்குப் போகாது. நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்தையும் அந்த வடிகட்டி விட்டுவைப்பதில்லை. பாதி இரைச்சலென்று எண்ணிக் கடித்துத் துப்புகிறது. பாடகியின் குரலில் ரொறன்ரோ விமர்சகர் கேட்ட நடுக்கம் அதுதான். மேடையில் அவர் தம்பூராவோடு இழைந்து பாடிக்கொண்டிருந்தார். உலகத்துக்குப் போனது, ஆதாரம் இல்லாமல் ஆடும் ஒரு குரல்.

"காத்துச் சத்தம் கேட்டால் கேக்கட்டும் அண்ணை. அதை நிப்பாட்டுங்கோ," என்றான். நிற்பாட்டினேன். தொழில்நுட்பத்தில் எனக்குச் சான்றிதழ்கள் உண்டு. சுருதி இல்லாமல் போனதை ஐந்து நிமிடமாக நான் கவனிக்கவில்லை.

இரண்டாவது பிழையும் என்னுடையதே. ஸ்விட்ச்சர் என் கையில் இருந்தது. கரகரப்பிரியா முடிந்து ஆதி தாளத்தில் தனியாவர்த்தனம். மிருதங்கமும் கடமும் மாறிமாறி வாசித்துக் குறைப்புக்கு வந்திருந்தார்கள். நானோ, பிரதம விருந்தினரை இன்னும் காட்டவில்லையே என்ற கவலையில் இரண்டாவது கமெராவைச் சபையின் பக்கம் திருப்பச் சொல்லி, அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியைப் பன்னிரண்டு விநாடி உலகத்துக்குக் காட்டினேன். ஏற்பாட்டாளர்களும் அதையே விரும்பியிருப்பார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளை பொறுக்கமுடியாமல் என் முழங்கையைத் தட்டினாள்.

"மாமா, குறைப்பு போகுது."

அதற்குப் பிறகு அவள் சொல்ல நான் அழுத்தினேன். குறைப்பு என்பது படத்தை எப்படி வெட்ட வேண்டும் என்று தானே சொல்லித்தரும் ஒரு வடிவம். ஒருவர் ஒரு ஆவர்த்தனம், மற்றவர் ஒரு ஆவர்த்தனம். பிறகு பாதி, கால், அரைக்கால். வாசிப்பு குறுகக் குறுகப் படமும் குறுக வேண்டும். இறுதியில் இருவரும் சேர்ந்து மோராவுக்கு வரும்போது இருவரும் ஒரே சட்டத்துக்குள் இருக்க வேண்டும். கோர்வை முடிந்து எடுப்பில் வந்து விழும் அந்தத் தட்டில் பாடகியின் முகம். அவள் தொடையில் தாளம் போட்டபடி, "இப்ப கடம்... மிருதங்கம்... கடம்... ரெண்டு பேரும்... மாமி," என்றாள். பெர்லினில் இசைக்குறிப்பைப் படிப்பவரின் இடத்தில் இருந்தது அவள் கை. கலியாண வீட்டு அண்ணையும் அதற்கு ஈடுகொடுத்தார். மணவறையில் தாலி கட்டும் கணத்தை ஒருமுறைகூடத் தவறவிடாத மனிதர். ஒரு கணத்துக்காக அசையாமல் காத்திருக்க அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பதிவில் அந்த நான்கு நிமிடத்தையும் பலமுறை திரும்பப் பார்த்தேன். அவ்வளவு சரியாகப் படமான தனியை நான் அதிகம் கண்டதில்லை.

யூடியூபில் 'சபாஷ்' என்று அரட்டைப் பெட்டியில் எழுதியவர்களின் சொற்கள் வந்து சேர்ந்தபோது மங்களம் தொடங்குமுன் வரும் துக்கடாவின் முதல் வரி போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஒளிபரப்பு இருபது விநாடி பின்தங்கியே போய்ச்சேர்ந்தது. ஒளிநாரில் வெளிச்சமே விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீற்றர்தான் போகும். பாரிஸுக்கும் சென்னைக்கும் இடையில் ஏறத்தாழ 8000 கிலோமீற்றர். ஒரு திசைக்கே குறைந்தது 40 மில்லிவிநாடி. இருவர் சேர்ந்து வாசிக்க அதுவே அதிகம். மீதியெல்லாம் தரவைச் சுருக்கி, சேமித்து, பரப்பும் நேரம். மண்டபத்தில் இருந்தவர்களின் 'ஆஹா' அடுத்த சங்கதியை மாற்றும். தூரத்தில் இருப்பவரின் 'ஆஹா' எதையும் மாற்றுவதில்லை. நேரலை எங்களைக் கச்சேரிக்குக் கொண்டுபோகிறது என்று சொல்வதில் ஒரு பொய் இருக்கிறது. நாங்கள் கேட்கிறோம், எங்களை யாரும் கேட்பதில்லை.

*

அப்படியென்றால் தூரத்தில் இருக்கும் விமர்சகர் எதைக் கவனிப்பது? தம்பூரா தொடர்ந்து கேட்கிறதா. தாளம் போடும் கை படத்தில் இருக்கிறதா. கடத்துக்குத் தனி மைக் உண்டா. மெல்லிய இடம் மெல்லியதாகவே வந்து சேர்ந்ததா. தம்பூரா மீட்டும் பிள்ளைக்கு ஒருமுறையாவது சட்டத்துக்குள் இடம் கிடைத்ததா. ராக லட்சணத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதுபவர் இதற்கு இரண்டு வரி எழுதலாம். எழுதினால் பாடகருக்கும் நியாயம் கிடைக்கும்.

இன்னொன்று, பெயர். டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' மிருதங்கம் செய்பவர்களின் வரலாறு. பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்தின் கையும் காதும் இருந்ததை அந்தப் புத்தகம் விரிவாகச் சொல்கிறது. தோலைத் தொடுபவர் தலித் கிறிஸ்தவர் என்பதால் மேடையின் புகழ் அவரைத் தொடாமல் போன கதை அது. ஒலிக்கலவைக்காரரின் நிலையை அந்தக் கொடுமையோடு சமப்படுத்தமாட்டேன். ஆனால் நாதம் கலைஞருடையது, கருவி வேலையாளுடையது என்று பிரித்துவைக்கும் மனம் ஒன்றுதான்.

பிரான்சில் சட்டம் இந்த விஷயத்தில் எங்களைவிட முன்னேயிருக்கிறது. 1936இல் சினிமாத் தொழில்நுட்பத்தாருக்காகத் தொடங்கிய ஓர் ஏற்பாடு பின்பு மேடைக் கலைஞருக்கும் விரிந்தது. பன்னிரண்டு மாதத்தில் 507 மணித்தியாலம் வேலைசெய்ததைக் காட்டினால், வேலையில்லாத நாட்களுக்குக் கொடுப்பனவு உண்டு. பாடுபவரும் விளக்குப் பிடிப்பவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். லா சப்பல் மெட்ரோவுக்குப் பக்கத்திலுள்ள பூஃப் து நோர் நாடக அரங்கில், 1974இல் பீட்டர் ப்ரூக் மீண்டும் திறந்த அதே அரங்கில், ஒரு மின்விளக்குக்காரர் இந்த உரிமையோடு வேலை செய்கிறார். ஐந்து நிமிட நடை தூரத்தில் இருக்கும் எங்கள் கச்சேரிகளுக்கு அது எட்டுவதில்லை. எங்கள் நான்கு பேருக்கும் அன்று கிடைத்தது சாப்பாட்டுப் பார்சல். எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது. தம்பி அன்றைய வேலையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து, ஒருநாள் கூலியை இழந்து வந்திருந்தான்.

ஊரில் இது இவ்வளவு மோசமில்லை. திருவிழா நோட்டீஸின் அடியில், மேளம், பூ அலங்காரம், பிரசாதம் என்பவற்றுக்குக் கீழே 'ஒலி, ஒளி அமைப்பு' என்று ஒரு வரி இருக்கும். அதில் கடையின் பெயர் இருக்கும். கடல் தாண்டி, கமெராவும் இணையமும் வந்து சேர்ந்த பிறகு அந்த வரியைத் தொலைத்துவிட்டோம்.

*

பதிவை யூடியூபில் நிரந்தரமாகப் போடும்போது, கீழே விவரக்குறிப்பில் நான்கு பெயரையும் எழுதுவோம் என்று நான் சொன்னேன். ஏற்பாட்டாளர்கள் சம்மதித்தார்கள். தம்பி வேண்டாமென்றான். அவனுடைய அகதி வழக்கு மேன்முறையீட்டில் இருக்கிறது. வேலை செய்யும் அனுமதி இல்லை. காசு வாங்காவிட்டாலும், பெயர் வந்தால் வேலை செய்ததாக யாராவது காட்டக்கூடும் என்று பயந்தான். அவன் பயம் சரியா பிழையா என்று வாதாட எனக்கு உரிமையில்லை. அவன் பெயர் இல்லாமல் மற்ற மூன்றையும் போட எங்களுக்கு மனம் வரவில்லை. பாடகியின் பெயரை இங்கே எழுதினால் கச்சேரியைத் தேடி எடுப்பது சுலபம்; அங்கிருந்து அவனிடம் வருவதும் சுலபம். அதனால்தான் எழுதவில்லை. ரொறன்ரோ விமர்சகருக்குத் தனியாகக் கடிதம் போட்டேன். பாடகியிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். வடிகட்டியைப் பற்றிச் சொன்னதும் அவர் சிரித்தார். விமர்சனத்தைப் படித்துவிட்டு வர்ணத்தின் பதிவைப் பத்துத் தடவை கேட்டு, தன் குரலுக்கு என்ன ஆயிற்று என்று பயந்துபோயிருந்ததாகச் சொன்னார்.

சாமான்களைக் கட்டும்போது தம்பியிடம் கேட்டேன், ஏன் படத்தைப் பற்றி ஒருமுறைகூட விசாரிக்கவில்லை என்று. எங்கள் இணைப்பில் படத்துக்கு விநாடிக்கு 4500 கிலோபிட், சத்தத்துக்கு 128. முப்பத்தைந்தில் ஒரு பங்கு. இணையம் தடுமாறிய இரண்டு தடவையும் படத்தின் தரத்தைக் குறைக்கச் சொல்லி அவன்தான் நெருக்கினான்.

"படம் போனாலும் சத்தம் போகக்கூடாது அண்ணை," என்றான். இரண்டு வருடத்துக்கு முன் அவனுடைய அப்பாவின் மரணவீட்டை ஊரில் ஒரு மச்சான் கைபேசியில் நேரலை செய்திருக்கிறான். சமையலறைக்குப் பின்னால், குப்பைத்தொட்டிகள் இருக்கும் முற்றத்தில் நின்று பார்த்திருக்கிறான். சுண்ணம் இடிக்கும் நேரம் சத்தம் நின்றுவிட்டது. உலக்கை ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. திருப்பொற்சுண்ணம் முழுவதும் அப்படியே போனது.

அடுத்தநாள் அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து எடுத்தா. கண்ணில் வெள்ளை படர்ந்து படம் தெரிவதில்லை. அக்காவின் போனைக் காதோடு வைத்து முழுக் கச்சேரியும் கேட்டிருக்கிறா. இளவயதில் மருதனார்மடத்து இராமநாதன் இசைக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவ. கரகரப்பிரியாவைப் பற்றிப் பத்து நிமிடம் கதைத்தா. பிறகு கேட்டா:

"துவக்கத்திலை கொஞ்ச நேரம் தம்பூரா கேக்கேல்லை. பேந்து வந்தது. ஆர் ராசா அதைத் திருப்பிக் கொண்டுவந்தது?"

அம்மாவிடம் அவன் பெயரைச் சொன்னேன்.